பெயரில் மட்டும் வாழ்ந்த பிரெஞ்சு ஊர்

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் பெயர் வைக்கின்றனர். ஓர் ஊருக்குப் பெயர் வைப்பவர் யார்? அங்கு வாழ்பவரா, அவ்வழியே கடந்து செல்பவரா, அவ்வூரைப் போரில் வென்றவரா? பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூருக்கு மூன்று பெயர்கள் வழங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று பிரெஞ்சுக்காரரைச் சுட்டுகிறது. அப்பெயர் வந்த வழியையும் சென்ற வழியையும் இப்பாடம் கூறுகிறது.

பாடம்

மாணவர்களே! பெங்களூருவிலிருந்து மைசூருக்குத் தொடர்வண்டியில் சென்றிருப்பீர்கள். சன்னலோரம் இடம் கிடைத்தால் நிலையங்களின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே செல்லலாம். கெங்கேரி, பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எனப் பலகைகள் வரிசையாக வரும். மத்தூரில் வடை விற்பவரின் குரல் கேட்டவுடன் பலர் பலகைகளை மறந்துவிடுவதும் உண்டு. மண்டியாவைத் தாண்டிக் கரும்புத் தோட்டங்களும் நெல்வயல்களும் விரிய, ஸ்ரீரங்கப்பட்டினத்திற்குச் சற்று முன்பாகப் பாண்டவபுரம் என்னும் நிலையம் வருகிறது. பெங்களூருவிலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மைசூருவரையிலான இருப்புப்பாதை 1882ஆம் ஆண்டு நிறைவுற்றது. அக்காலத்திலும் அதன் பின்னர் நெடுங்காலமும் இந்நிலையம் பாண்டவபுரம் என்று அழைக்கப்படவில்லை. ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்பதே அதன் பெயர். ‘பிரெஞ்சுக்காரரின் பாறைகள்’ என்பது அதன் பொருள்.

பிரெஞ்சு ஊர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி வேறு. ஓடு வேய்ந்த சிறுவீடுகள், ஒரு தேவாலயக் கோபுரம், சுற்றிலும் ஓக் மரக்காடு என ஓவியங்களில் கண்ட ஊரையே நினைப்போம். இவ்வூரின் நிலமோ தக்காணத்திற்கே உரியது. ஊரை ஒட்டிக் குந்தி பெட்டா என்னும் இரட்டைப் பாறைக்குன்று எழுகிறது. ‘பெட்டா’ என்பது மலையைக் குறிக்கும் கன்னடச் சொல். பெரிய பெரிய கருங்கற் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்க, இடுக்குகளில் முட்புதர்களும் குட்டை மரங்களும் வளர்ந்துள்ளன. அடர்ந்த சோலைக்காடு அன்று; வெயிலைத் தாங்கும் புதர்க்காடு. இவ்வட்டாரத்தின் வடபகுதியில், மேல்கோட்டையைச் சூழ்ந்த காட்டை, ஓநாய்களைக் காப்பதற்கென்றே 1974இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தனர். அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். இத்தகைய பாறைக்கும் புதருக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் எப்படி வந்தனர்?

அதற்கு விடை காண நாம் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மேலாதிக்கத்திற்காகப் போரிட்டனர். 1761ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் நகரும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கிருந்து தப்பிய பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் சிலர், அப்போது மைசூரில் வலிமை பெற்றுவந்த ஐதர் அலியிடம் சென்று சேர்ந்தனர். ஊர் இல்லை, கப்பல் இல்லை, ஊதியம் கொடுக்க அரசும் இல்லை. கையில் எஞ்சியிருந்தது படைத்தொழில் ஒன்றே. ஐதருக்கும் அத்தொழில் தேவைப்பட்டது. ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் பீரங்கிகளைக் கையாளவும் தெரிந்தவர்களை அவர் விரும்பி ஏற்றார்.

இப்படித் தொடங்கிய உறவு ஐதரின் காலத்திலும் அவர் மகன் திப்பு சுல்தானின் காலத்திலுமாக ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது. இவர்களுள் பெயர் அறியப்பட்ட ஒருவர் லல்லே என்னும் படைத்தலைவர். புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த லாலி என்னும் பிரபு வேறு, இவர் வேறு. பெயரொலி ஒத்திருப்பதால் ஆங்கிலேயரே இவரையும் லாலி என எழுதிக் குழப்பினர். லல்லே முதலில் ஆதோனியை ஆண்ட பசாலத் சங் என்பவரிடம் பணிபுரிந்தார். ஆங்கிலேயரின் வற்புறுத்தலால் பசாலத் சங் பிரெஞ்சுப் படையை விலக்க நேர்ந்தபோது, லல்லே தம் வீரர்களுடன் 1779ஆம் ஆண்டளவில் ஐதரிடம் வந்தார். அடுத்த ஆண்டே நம் தமிழ் மண்ணில் அவர் போரிட்டார். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அருகில் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் ஆங்கிலேயப் படையொன்றை முற்றாக முறியடித்தனர். ஆங்கில நூல்கள் ‘பொல்லிலூர்’ என எழுதும் போர் இதுவே. புள்ளலூர் பொல்லிலூரான கதையும் ஒரு பெயரின் கதைதான்.

இப்போரைத் திப்பு சுவரோவியமாக வரையச் செய்தார். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் தோட்ட மாளிகையின் சுவரில் அவ்வோவியத்தை இன்றும் காணலாம். யானைகளும் குதிரைகளும் நெருங்கி நிற்கும் அக்கூட்டத்தில் ஐரோப்பிய உடையணிந்த ஒருவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் போர்க்களத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரே லல்லே எனக் கூறப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அம்மாளிகைக்குச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் திப்புவை மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வெளியேறிவிடுகின்றனர். அடுத்த முறை தொலைநோக்கி வைத்திருப்பவரையும் தேடுங்கள். 

ஐதர், திப்பு ஆகிய இருவரின் தலைநகரும் காவிரியாற்றுத் தீவாகிய ஸ்ரீரங்கப்பட்டினம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது ஹிரோடெ என்னும் ஊர். அதன் பாறைக்குன்றுகளின் அடிவாரத்தில்தான் பிரெஞ்சு வீரர்களுக்குப் பாளையம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. தலைநகருக்கு அருகில், ஆனால் தலைநகருக்குள் அன்று. வேண்டும்போது அழைக்கும் தொலைவில் இருக்க வேண்டும். கோட்டைச் சுவருக்கு வெளியிலும் இருக்க வேண்டும். கூலிப்படையை வைத்துக்கொள்ளும் எந்த அரசும் செய்யும் ஏற்பாடு இது. பாளையம் என்றால் படை தங்கும் இடம் என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழகத்தில் மேட்டுப்பாளையம், உத்தமபாளையம், இராசபாளையம் எனப் பாளையத்தில் முடியும் ஊர்கள் பலவுண்டு. பெங்களூருவின் கன்டோன்மென்ட் பகுதியை முதியோர் ‘தண்டு’ என்று இன்றும் கூறுவதைக் கேட்டிருக்கலாம். தண்டு என்றாலும் படையே.

இப்பாளையத்தில் இருந்தவர்கள் எத்தகையோர்? அவர்களைப் பிரெஞ்சு அரசின் படைவீரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சு அரசு அனுப்பிய படை வேறு. ஐதரிடமும் திப்புவிடமும் ஊதியம் பெற்ற இவர்கள் வேறு. இவ்வேறுபாடு 1783இல் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் போரை நிறுத்தின. அச்செய்தி இந்தியா வந்து சேர்ந்தவுடன், திப்புவுக்குத் துணையாக நின்ற பிரெஞ்சு அரசுப்படை போரிலிருந்து விலகிக்கொண்டது. திப்பு அப்போது மங்களூரை முற்றுகையிட்டிருந்தார். நடுப்போரில் நண்பர் கைவிட்டதை அவரால் எளிதில் மறக்க முடியவில்லை. கடல்கடந்த நாட்டில் இடும் ஒரு கையெழுத்து ஹிரோடெப் பாறையடியில் கூடாரமிட்டிருப்பவரின் நண்பரையும் பகைவரையும் மாற்றிவிடக்கூடிய நிலை அது. திப்பு அதன்பின்னும் முயற்சியைக் கைவிடவில்லை. 1788இல் அவர் அனுப்பிய தூதர்கள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டனர். படையுதவி கேட்டதோடு, கைவினைஞர்களையும் தோட்டக்காரர்களையும் விதைகளையும் கேட்டனர். மாலையும் மரியாதையும் கிடைத்தன; படை கிடைக்கவில்லை. மறு ஆண்டே பிரான்சில் புரட்சி மூண்டது.

1792ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கார்ன்வாலிஸ் பிரபுவின் தலைமையில் ஆங்கிலேயரும் அவர்தம் நட்பரசுகளும் ஸ்ரீரங்கப்பட்டினத்தை நோக்கி வந்தனர். தலைநகருக்கு வடக்கே, இப்பாறைகளின் அருகிலேயே அவர்கள் பாளையம் இறங்கினர். அப்படையில் இருந்த ஆங்கில அதிகாரிகளின் குறிப்புகளில் ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்னும் பெயர் இயல்பாக வருகிறது. அதாவது, அதற்கு முன்பே அப்பெயர் அவர்களிடையே வழக்கில் இருந்தது. பகைவரின் பக்கத்தில் நின்று போரிடும் பிரெஞ்சுக்காரர் தங்கிய பாறை என்று ஆங்கிலேயர் தம் வரைபடத்தில் அடையாளமிட்ட பெயர் அது. மாணவர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அவ்விடத்தில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அதனைப் ‘பிரெஞ்சுக்காரரின் பாறை’ என்று அழைத்திருப்பாரா? அழைத்திருக்க மாட்டார். உள்ளூர் உழவர்களும் அவ்வாறு அழைக்கவில்லை. அவர்களுக்கு அது ஹிரோடெ. பிரெஞ்சு ராக்ஸ் என்னும் பெயரில் பிரெஞ்சு மொழி ஓரெழுத்தும் இல்லை, கன்னடமும் இல்லை. தொலைவில் நின்று, ஓர் அச்சத்தோடு பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அந்த அச்சத்திற்குத் தக்க அளவில் பிரெஞ்சுக்காரர் அங்கு இருந்தனரா என்பது வேறு வினா. 1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு ஆங்கிலேயர் தாக்குதல் தொடுத்தனர். அந்த இரவின் குழப்பத்தைப் பயன்படுத்தி, திப்புவின் பணியில் இருந்த ஐரோப்பியர் 57 பேர் அவரை விட்டு வெளியேறினர். அவர்களுள் முதியவர் ஒருவர் இருந்தார். பிளெவெத் என்பது அவர் பெயர். ஐதரின் காலத்திலிருந்தே பணியாற்றியவர்; கோட்டை அரண்களை அமைப்பதில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். தாம் அமைத்த அரண்களையே பகைவர் தாக்கும் இரவில் அம்முதியவர் எழுந்து நடந்தார். அவருடன் திப்புவின் மொழிபெயர்ப்பாளரும் சென்றார். வெளியேறியவர்களுள் மற்றும் சிலர் மராத்தியரிடம் பணி தேடிக்கொண்டனர். இதனைத் துரோகம் என்று ஒரே சொல்லில் கூறிவிடலாம். ஆயினும் ஊதியத்திற்காகப் படைக்கலம் ஏந்தியவருக்கு எந்த மண் தாய்மண், எந்தப் போர் தம்முடைய போர் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. பிறந்த ஊருக்குத் திரும்ப வழியற்று, இருந்த ஊரிலும் வேரூன்றாமல் முதுமை எய்திய மனிதர் அவர். வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பிளெவெத்தைப் பழிப்போர் ஒருபுறம், அவருக்காகப் பரிவோர் மறுபுறம். நான் இரண்டாம் அணிக்குச் சற்று அருகில் நிற்பவன்.

எஞ்சிய கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1797இல் பழுதுபட்ட கப்பலொன்றில் ரிப்போ என்பவர் மங்களூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரர் 59 பேர் கூடிப் புரட்சிச் சங்கம் ஒன்றை அமைத்து, சுதந்திர மரம் நட்டனர் என ஓர் ஆவணம் கூறுகிறது. இவ்வாவணம் ஆங்கிலேயரின் வழியாக வெளிவந்தது. போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களின் கையில் அது கிடைத்தது என்பதால் அதன் உண்மைத்தன்மையை வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். ஆவணத்தை யார் எழுதினார் என்பதோடு, யார் வெளியிட்டார் என்பதையும் பார்ப்பது வரலாறு கற்பவர் கடமை. 1798இல் மொரீசியசிலிருந்து திப்புவுக்கு உதவியாக வந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. ஆயினும் பிரெஞ்சு ஆபத்து என்பதையே முதன்மைக் காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் உயிர் துறந்தார். பிரெஞ்சுக்காரர் சிறைப்பட்டனர்.

பாளையம் வெறுமையாயிற்று, பெயர் மட்டும் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் அதே இடத்தில் ஆங்கிலேயர் தம் சென்னை இராணுவத்தின் இந்தியப் படைப்பிரிவுகளை நிறுத்தினர். அப்பிரிவுகளில் தமிழரும் தெலுங்கரும் பெருமளவில் இருந்தனர். பிரெஞ்சுக்காரரைவிட நெடுங்காலம் அப்பாறையடியில் வாழ்ந்தவர்கள் இச்சிப்பாய்களும் அவர்தம் குடும்பத்தினருமே. எனினும் அவ்வூரை எவரும் ‘சிப்பாய்ப் பாறை’ என்று அழைக்கவில்லை. வரைபடத்தில் ஒருமுறை எழுதிய பெயர் அஞ்சலகத்திற்கும், பின்னர் இருப்புப்பாதை நிலையத்திற்கும், வட்ட அலுவலகத்திற்கும் சென்றுவிட்டது. ஆங்கிலம் அலுவல் மொழியாக இருந்தவரை அப்பெயருக்கு வாழ்வு இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஊருக்குப் பாண்டவபுரம் என்னும் பெயர் வந்தது. வனவாச காலத்தில் பாண்டவர் இக்குன்றில் தங்கினர் என்பதும், குந்திதேவிக்கு இவ்விடம் பிடித்துப்போயிற்று என்பதும் இவ்வட்டார மக்களின் நம்பிக்கை. குன்றின் பெயரிலேயே குந்தி இருக்கிறாள். எனவே புதிய பெயர் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியதன்று. குன்றின் மேல் இருந்த கதை ஊருக்குள் இறங்கி வந்தது எனலாம். ஆனால் மக்கள் முதன்முதலில் வழங்கிய ஹிரோடெ என்னும் பெயரை அலுவலக ஏடுகளில் மீண்டும் ஏற்றவில்லை. அயலார் வைத்த பெயரை நீக்கியவர்கள், புராணப் பெயரைத் தேர்ந்தனரேயன்றி ஊரின் பழம்பெயரைத் தேரவில்லை. எனக்கு இது சற்று வருத்தமே. நல்வாய்ப்பாக, ஊரின் ஏரி இன்றும் ஹிரோடெ ஏரியாகவே இருக்கிறது. ஏரிகளின் பெயரை மாற்ற அலுவலகங்களுக்கு நினைவு வருவதில்லை போலும்! வாய்க்கால்களுக்கோ அந்தப் பேறு இல்லை. மண்டியா வயல்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் பெரிய கால்வாய் முதலில் இர்வின் கால்வாய் எனப்பட்டு, பின்னர் விசுவேசுவரய்யா கால்வாய் ஆயிற்று.

இங்கு வேறொரு செய்தியையும் கூறாமல் இருக்க இயலவில்லை. இதே பாண்டவபுரம் வட்டத்தில் தொண்ணூர் என்னும் சிற்றூர் உள்ளது. பழைய பெயர் தொண்டனூர். 12ஆம் நூற்றாண்டில் இராமானுசர் தமிழகத்தை விட்டு வந்து போசள நாட்டில் தங்கிய காலத்தோடு இவ்வூரும் அருகிலுள்ள மேல்கோட்டையும் தொடர்புடையவை. தொண்ணூர்க் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் இவ்வூர் யாதவநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கப்படுகிறது. அங்குள்ள பேரேரிக்கு மோத்தி தலாப், அதாவது முத்து ஏரி, என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரு வட்டத்திற்குள் கன்னடம், தமிழ், வடமொழி, உருது, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளும் ஊருக்கும் ஏரிக்கும் பெயர் வைத்துள்ளன. பிரெஞ்சு ஒன்றுதான் பெயர் வைக்கவில்லை. ஆனால் பெயர் பெற்றது அதுவே!

தமிழர் விட்டுச்சென்றது கல்லில் எழுத்தாக நிற்கிறது. நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, விளக்கெரிக்க என்ன வழி என்பன போன்ற அன்றாடச் செய்திகளைக் கூறுவதற்கென்றே கல்வெட்டுகள் எழுந்தன. தங்கி வாழ எண்ணியவர்களே நிலத்தையும் விளக்கையும் பற்றி எழுதுவர். பாறையடியில் தங்கிய பிரெஞ்சு வீரர்களுக்கு அங்கு எழுதிவைக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாத ஊதியம் வருமா என்பதே அவர்தம் கவலை.

நம் பெங்களூருவும் இக்கதையோடு தொடர்புடையது. 1799க்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை, அங்கு நிலவிய காய்ச்சலுக்கு அஞ்சி 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அதனால் உருவானதே நம் கன்டோன்மென்ட். அப்படையோடு சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்கள், வணிகர்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள் எனப் பலதரப்பட்ட தமிழர் வந்து குடியேறினர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் ஒலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இது தமிழரின் முதல் வருகையன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. உங்களுள் சிலரின் முன்னோர் அந்தத் தண்டோடு வந்தவராக இருக்கலாம். சிலர் தந்தையின் பணிமாற்றத்தால் சென்ற ஆண்டுதான் வந்திருப்பீர்கள். இன்னும் இரண்டாண்டில் வேறு ஊர் செல்வீர்கள். புதிய பள்ளியில் முதல் நாள் ‘உன் ஊர் எது?’ என்று கேட்கப்படும்போது ஒரு கணம் தயங்கியிருப்பீர்கள். பணிமாற்றம் பெற்று வரும் ஆசிரியரும் அவ்வாறே தயங்குவதுண்டு.

தெரிந்து தெளிவோம்

தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் இக்காலக் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் – ஹாலு. புலி – ஹுலி. பல் – ஹல்லு. பூ – ஹூவு. பெரிய – ஹிரிய. பெயர் – ஹெசரு. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்திலேயே தொடங்கின. நம் பலா, கன்னடத்தில் ஹலசு. ஹலசூரு என்னும் பெங்களூருப் பகுதி பலாமரத்தால் பெயர் பெற்றது என்பர். அதனையே தமிழர் அல்சூர் என்கின்றனர். 2014 நவம்பர் 1 முதல் கர்நாடக அரசு பெங்களூரு, மைசூரு உள்ளிட்ட 12 நகரங்களின் பெயர்களைக் கன்னட ஒலிப்புக்கேற்ப அலுவல்முறையில் மாற்றியது.

சொல்லும் பொருளும்

பாளையம் – படை தங்கும் இடம். தண்டு – படை. அரண் – பாதுகாப்புக் கட்டுமானம். வனவாசம் – காட்டில் வாழ்தல். கூலிப்படை – ஊதியம் தருவோருக்காகப் போரிடும் படை. முற்றுகை – கோட்டையைச் சூழ்ந்து அடைத்தல்.

பயிற்சி

அ. குறுவினா

1. புதுச்சேரியிலிருந்து தப்பிய குதிரைவீரர்களை ஐதர் அலி ஏற்றதற்குக் காரணம் யாது?
2. பாளையம் தலைநகருக்கு அருகிலும் கோட்டைக்கு வெளியிலும் அமைந்தது ஏன்?
3. புள்ளலூர்ப் போரின் ஓவியத்தை எங்குக் காணலாம்? அதில் லல்லேயை எவ்வாறு அடையாளம் காண்பீர்?

ஆ. நெடுவினா

1. ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்னும் பெயரைப் பிரெஞ்சுக்காரரும் வைக்கவில்லை, ஊராரும் வைக்கவில்லை. பாடச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.
2. பிளெவெத்தின் செயலைப் பழிப்பீரா, பரிவோடு நோக்குவீரா? காரணம் காட்டி ஒரு பக்கத்தில் எழுதுக. வகுப்பில் எதிரணி கூறக்கூடிய ஒரு கருத்தையும் சேர்த்து எழுதி அதற்கு விடையளிக்க.

இ. மொழிப்பயிற்சி

1. பள்ளி, பழைய, பத்து, பாடு, பொன் ஆகிய சொற்களுக்கு இணையான கன்னடச் சொற்களை உம் கன்னட நண்பரிடம் கேட்டு எழுதுக. முதலெழுத்து எவ்வாறு மாறுகிறது எனக் காண்க.
2. ‘புதுச்சேரி வீழ்ந்தது’ – இத்தொடரில் புதுச்சேரி என்னும் சொல் ஊரை மட்டும் குறிக்கிறதா? ஆகுபெயர் குறித்து நீவிர் கற்றதைக் கொண்டு விளக்குக.

ஈ. செயல்திட்டம்

நீவிர் வாழும் தெரு அல்லது குடியிருப்பின் பெயரை எடுத்துக்கொள்க. அப்பெயரை வைத்தவர் யார், அதற்கு முன் வழங்கிய பெயர் யாது, முதியோர் இன்றும் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றை அக்கம்பக்கத்து முதியோர் இருவரிடமாவது கேட்டறிக. அவர்களுள் ஒருவர் கன்னடம் பேசுபவராக இருத்தல் நன்று. இருவர் கூற்றும் வேறுபட்டால் இரண்டையும் அவ்வாறே எழுதி வருக.